மழித்த தலையும் பழிக்கும் வாயும்

பாலக்காட்டிலிருந்தும் மறையூரிலிருந்தும் பழனி சென்று முடி காணிக்கை செலுத்தி மீள்வோரை நாம் மதித்து வரவேற்கிறோம். வழுக்கை விழுந்தமையால் ஒருவர் தாமே தலையை மழித்துக்கொண்டாலோ, "வீட்டில் துக்கமா? நோயா?" என வினவி நகைக்கிறோம். எஞ்சிய நாலு மயிரைக் குறுக்கே வாரி வழுக்கையை மறைப்பவரை எவரும் வினவுவதில்லை. மறைப்புக்கு மதிப்பு, உண்மைக்கு ஏளனம்!

முற்காலத்தில் அக்கிரகாரக் கைம்பெண்டிரின் தலையை வலிந்து மழித்ததும், பிறர் தலைமீது ஊரார் கொண்டாடிய இதே உரிமையால் அன்றோ? 280ஆம் குறளைக் காட்டி மழித்தலைப் பழிப்போரும் உளர். கூடாவொழுக்கத்தில் வள்ளுவர் கடிந்தது பொய்வேடத்தையே. மறைப்பைக் களைந்தவரை வேடதாரி என்னல் தகுமோ? மழித்த தலையைக் கண்டால் இனி நலம் மட்டும் வினவுவோமாக!