வாக்கா? அளவா?

"எங்களிடமுள்ள யுரேனியம் விளக்கெரிக்கவே அன்றி, குண்டு செய்வதற்கு அல்ல" என்று ஒரு தேசம் சொன்னால், உலகம் அதை எதைக் கொண்டு நம்புவது? சொன்னவர் பெரிய மனிதர் என்பதைக் கொண்டா? அளந்து பார்த்தோம் என்பதைக் கொண்டா? 1957ல் ஏற்பட்ட சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் பரிசோதகர்கள் கருவியோடு போவதன் காரணம் இதுவேயாகும்.

காமாக் கதிர் வீசும் வஸ்து ஒவ்வொன்றும் தனக்கே உரிய சக்தியுள்ள கதிர்களை வெளிவிடுகிறது. அதுவே அதன் கைரேகை. ஆனால் யுரேனியம் 235ன் கதிர் 185.7 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட். ரேடியத்தின் கதிரோ 186.2. வழக்கமான ஜெர்மானியக் கருவிக்கு இரண்டும் ஒன்றாகவே தென்படும். குண்டுக்கு உதவும் சரக்கா, பழைய கடிகார முள்ளில் பூசிய ரேடியமா என்பதில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

1911ல் ஹாலந்து தேசத்து லைடனில் காமர்லிங் ஓன்ஸ் என்பவர், பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழ் 269 டிகிரிக்குக் குளிர்விக்க, அதன் மின்தடை அடியோடு மறைந்தது. அந்த மீக்கடத்தும் குணமே இன்று இங்கு உதவுகிறது. மெல்லிய உலோகப் படலம் ஒன்றை, தடை மறையும் தறுவாயில் நிறுத்தி, அதன்மேல் வெள்ளீயத் துண்டு ஒன்றை ஒட்டுகிறார்கள். கதிர் விழுந்ததும் சூடு இம்மியளவு ஏறுகிறது. தடையோ சட்டென்று உயர்கிறது. அந்த மாறுதலை அளந்தால் கதிரின் சக்தி தெரிந்துவிடும். ஜெர்மானியம் சுமார் 500 எலக்ட்ரான் வோல்ட் மங்கலாகக் காணும் இடத்தில், இது சுமார் 50க்குள் பிரித்துக் காட்டுகிறது.

இதற்குக் கடுங்குளிரும் பெருஞ்செலவும் வேண்டும். ஓர் உணர்வி வினாடிக்குச் சில கதிர்களையே எண்ணுமாதலால், நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டும் என்பதும் மெய்யே. ஆனால் தவறான சந்தேகத்தால் மூளும் சண்டைக்கு ஆகும் செலவு எவ்வளவு?

நாம் கேட்பது வேறொன்று. கருவிக்குப் பெரியவன் சின்னவன் என்ற பேதம் கிடையாது. 1970ல் அமலுக்கு வந்த அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்கோ அந்தப் பேதம் உண்டு. அதில் சேர்ந்த மற்ற தேசங்கள் தம் அணுச்சரக்கு முழுவதையும் பரிசோதனைக்கு விட வேண்டுமாம். குண்டு வைத்திருக்கும் அமெரிக்கா, ரஷ்யா, இங்கிலாந்து, பிரான்சு, சீனா ஆகிய ஐந்தும் தாமாக இஷ்டப்பட்டுக் காட்டும் இடங்களைக் காட்டினால் போதுமாம்! இது என்ன நியாயம்? கதவைப் பூட்டிக்கொண்டவனிடம் எவ்வளவு நுட்பமான கருவியும் ஊமைதான். அளவுகோலை ஊராருக்கு நீட்டுகிறவன் முதலில் தன் வீட்டை அளக்கச் சம்மதிக்கட்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.