மரையாணி என்று சொல்லிவிட்டால் போதுமா?

கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளில் நாம் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம்: இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் என்ன? அக்கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்று கருதுகிறேன். எனக்கு அதை உணர்த்தியது ஒரு போல்ட்.

சென்ற மாதம் என் பைக்கில் எஞ்சின் கார்டு பொருத்த வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் ஒரு சிறிய இரும்புச் சாமான் கடைக்குச் சென்று, "பதினாலாம் நம்பர் போல்ட் வேணும், அண்ணாச்சி" என்றேன். "பழைய போல்ட் கையில உண்டா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "அப்பம் அதக் கழத்திட்டு வா, பாத்துத் தாரேன்" என்று சொல்லி, விற்க மறுத்துவிட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று அவர் செய்ததே சரி என்பேன்.

'14' என்பது ஸ்பானரின் எண். அது போல்ட் தலையின் அகலத்தைச் சொல்லுமேயன்றித் தண்டின் விட்டத்தைச் சொல்லாது. 10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுக்கு 14, 16, 17 என மூன்று அளவுகளிலும் தலை உண்டு. 8 மி.மீ. போல்ட்டின் தலை ஐ.எஸ்.ஓ. அளவில் 13, ஜப்பானிய வழிவந்த வண்டிகளில் பெரும்பாலும் 12. விட்டம் ஒத்திருந்தாலும் மரை ஒத்திருக்க வேண்டும். 10 மி.மீ. போல்ட்டில் மரைகளுக்கு இடைப்பட்ட தூரம் 1.5 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 1.25 ஆகவும் இருக்கலாம். மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பானரால் வலிந்து திருகினால் அலுமினிய எஞ்சின் உறையின் மரை அழிந்துபோகும்.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை. பல வண்டிகளில் எஞ்சின் கார்டு தாங்குவது எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் அதே போல்ட்டில்தான். கார்டின் பட்டை 5 மி.மீ. தடிமன் என்றால் போல்ட்டும் அந்த அளவுக்கு நீள வேண்டும். குட்டையானது நட்டில் போதிய மரை பிடிக்காது. அடைபட்ட துளையில் நெடியது அடியில் முட்டி நிற்கும். இறுகியது போலத் தோன்றும், எதையும் நெருக்கிப் பிடிக்காது.

நான்காவது, வலிமை. தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் இழுவலிமை சதுர மி.மீட்டருக்கு 800 நியூட்டன். அதில் 80 விழுக்காடு, அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஐ.எஸ். 1367 என்னும் இந்தியத் தரநிலை வகுத்த குறியீடு இது. பளபளப்புக்காகப் பலரும் விரும்பும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் 450-இலேயே நெகிழத் தொடங்கும். துருப்பிடிக்காதது வலிமையானது என்பது நம் ஊகம் மட்டுமே. அதற்காக 12.9 வாங்குவதும் தீர்வன்று. வண்டி விழும்போது ஏதோ ஒன்று வளைந்தே தீரும். அது கார்டாக இருக்க வேண்டும், சட்டகமாக அன்று. வண்டியின் கையேடு அந்தத் துளைக்கு விதித்த வகுப்பும் முறுக்கமுமே அளவு.

இனி, நம் துறைக்கு வருகிறேன். போல்ட்டுக்கு 'மரையாணி' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. ஆனால் ஆணி குறுக்கே நின்று தடுப்பது. போல்ட்டோ இறுகும்போது சற்றே நீண்டு, அந்த இழுவிசையால் தட்டுகளை நெருக்கிப் பிடிப்பது. சொல் கிடைத்தது, கருத்து நழுவிற்று. மறுபுறம், திருகு அளவியைப் பற்றிய பள்ளிப் பாடத்தில் 'புரியிடைத் தூரம்' என்ற சொல்லைத் தமிழ்வழி மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்கிறோம். நானும் செய்தேன். கடையில் நின்றபோது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நமக்குச் சொல் இல்லாமல் இல்லை. சொல்லைக் கொண்டு பொருளைப் பிரித்தறியும் பழக்கம்தான் இல்லை.

மறுநாள் பழைய போல்ட்டோடு சென்றேன். அண்ணாச்சி ஒரு நட்டை எடுத்து விரலால் ஏற்றினார். இரண்டாம் சுற்றில் நின்றது. வேறொன்றை எடுத்தார், வழுக்கிக்கொண்டு ஏறியது. "இது நைஸ் மரையாக்கும்" என்றார். புரியிடைத் தூரம் 1.25 என்பதை அளவி இல்லாமல், அந்தச் சொல்லும் இல்லாமல் அவர் அளந்துவிட்டார். சாலையில் அவரிடம் தமிழர் 'மரை' என்பர், மலையாளிகள் 'பிரி' என்பர். புத்தி பேதலித்தவனைத் தமிழ் 'மரை கழன்றவன்' என்கிறது. மலையாளம் 'ஒரு பிரி லூஸ்' என்கிறது. இரு மொழியினரின் அன்றாடப் பேச்சிலும் இவ்வளவு ஆழமாக ஊன்றிய ஒரு பொருளுக்கு நாம் மேலிருந்து பெயர் சூட்டப் புறப்படுகிறோம்.

சாலைக் கடைத்தெருவிலேயே கடை நடத்திய ஆ. மாதவன் அத்தெருவின் பேச்சை இலக்கியமாக்கினார். மொழியியல் மாணவர்களாகிய நாம் அதே தெருவுக்குக் குறிப்பேட்டோடு செல்லலாம். தொகுக்க வேண்டியது பொருள்களின் பெயர்களை மட்டுமன்று. கடைக்காரர் எதை எதிலிருந்து பிரித்தறிகிறார், எந்தச் சொல்லால் அல்லது எந்தச் செய்கையால் பிரிக்கிறார் என்பதை. விட்டம், மரை, நீளம், வலிமை என்ற நான்கையும் தமிழில் கேட்டு வாங்க ஒருவருக்கு முடியும் நாளில், அதை 'போல்ட்' என்றே அவர் அழைத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், உரையாடுவோம்.