பீட்டாவை நம்பலாமா?

மாணவர்களே, டிரான்சிஸ்டர் பாடத்தில் வரும் கணக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பீட்டா 100 எனில் ஏற்பான் மின்னோட்டம் என்ன? பெருக்கி விடை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இப்படிக் கேட்பதே சரியல்ல என்பது என் கருத்து.

கடையில் வாங்கும் டிரான்சிஸ்டரின் மேல் பீட்டா எழுதியிருப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் பி.சி.547-இன் விவரத்தாளைப் பாருங்கள்: 110 முதல் 800 வரை எதுவும் இருக்கலாம். ஏ, பி, சி என்று தரம் பிரித்தாலும் ஒவ்வொரு தரத்துக்குள்ளும் ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். மின்கலம் 9 வோல்ட். ஏற்பானில் 3.3 கிலோ ஓம். அடிவாய்க்கு 820 கிலோ ஓம் வழியாக நேர் இணைப்பு. அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 0.6 வோல்ட் போக மீதி 8.4 வோல்ட். ஆகவே அடிவாய் மின்னோட்டம் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர். பீட்டா 100 என்றால் ஏற்பானில் 1 மில்லி ஆம்பியர் ஓடும், அங்கே 5.7 வோல்ட் நிற்கும். அருமை! கைக்கு வந்த டிரான்சிஸ்டரின் பீட்டா 400 என்றால்? 4 மில்லி ஆம்பியர், 13.2 வோல்ட் வீழ்ச்சி. இருப்பதோ 9 வோல்ட்! டிரான்சிஸ்டர் தெவிட்டிப்போய், ஏற்பான் அழுத்தம் சுழியை ஒட்டி விழுந்துவிடும். பாட்டு வராது. பையன் பாவம், டிரான்சிஸ்டர் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிவான்.

இப்போது அடிவாய்க்கு மேலே 33, கீழே 12 கிலோ ஓம் வைத்து, உமிழ்ப்பானில் 1.8 கிலோ ஓம் சேர்ப்போம். ஏற்பான் மின்தடை பழையதே. அடிவாய் அழுத்தம் 9 × 12 / 45 = 2.4 வோல்ட். 0.6 போனால் உமிழ்ப்பானில் 1.8 வோல்ட், மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர். ஏற்பானில் முன்போலவே 5.7 வோல்ட். கவனித்தீர்களா, பீட்டாவைக் கேட்கவே இல்லை! அடிவாய் இழுக்கும் சொற்ப மின்னோட்டத்தையும் சேர்த்துத் துல்லியமாகக் கணக்கிட்டால், பீட்டா 100-க்கு 0.94, 400-க்கு 0.99 மில்லி ஆம்பியர். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெயிலையும் மறக்கக் கூடாது. இலுப்பூரில் சித்திரை மாத நண்பகலில் வெப்பம் 40 டிகிரியை எட்டும். ஒரு டிகிரி ஏறினால் அந்த 0.6 வோல்ட்டில் சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். 25-இலிருந்து 40-க்குப் போனால் 30 மில்லி வோல்ட். நம் இரண்டாவது சுற்றில் இதனால் கூடும் மின்னோட்டம் 100-க்கு 2 பங்குகூட இல்லை.

திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. 1960-களில் அதன் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் பயிரிட்ட ஆடுதுறை 27-க்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. வரப்பு வெயிலிலும் பின்பனி விடியலிலும் ஒரே மாதிரி பேச வேண்டிய டிரான்சிஸ்டர் பெட்டிக்கு இந்த உமிழ்ப்பான் மின்தடைதான் காவல்.

ஆகவே ஆசிரியர்கள் கேள்வியை மாற்றிக் கேட்கட்டும்: பீட்டா நான்கு மடங்கானால் இந்தச் சுற்று பிழைக்குமா? நீங்களும் சுற்றை அமைத்ததும் மீட்டரை முதலில் உமிழ்ப்பானில் வையுங்கள். 1.8 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் ஏற்பானுக்குப் போகலாம். சுழி என்றால் அடிவாயில் 2.4 வந்திருக்கிறதா என்று பாருங்கள்.