கொட்டகை நாற்றத்துக்கு வடிகட்டி வாங்கலாமா?

"திருவண்ணாமலை கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் ஐந்து கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கிறோம். சுற்றிலும் புது வீடுகளும் விடுதிகளும் வந்துவிட்டன. நாற்றம் தாங்கவில்லை, மாநகராட்சியில் மனு கொடுப்போம் என்கிறார்கள். வெளிநாடுகளில் 'பயோஃபில்டர்' என்ற காற்று வடிகட்டி வைக்கிறார்களாமே, அதை வாங்கலாமா? இல்லை, மாடுகளை விற்பதுதான் வழியா?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை.

மாடுகளை விற்க வேண்டாம், வடிகட்டியும் வாங்க வேண்டாம். ஆனால், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதில் பாதியை உங்கள் வீட்டிலேயே செய்துவிடலாம்.

மரச்சீவலும் மட்கிய எருவும் கலந்து, ஒன்று முதல் ஒன்றரை அடி கனத்துக்குப் பரப்பிய ஈரமான படுகைதான் பயோஃபில்டர். கொட்டகைக் காற்றை மின்விசிறியால் இழுத்து, அடியிலிருந்து அதற்குள் செலுத்துவார்கள். சீவலின் மேல் உள்ள ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அமோனியாவையும், அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடையும் சிதைத்துவிடும். காற்று உள்ளே ஐந்து விநாடி தங்கினால் போதும். 1957-ல் அமெரிக்காவில் பொமராய் என்பவர் சாக்கடை வாயுவை மண் படுகைக்குள் விட்டு வாடை நீக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பன்றி, கோழிப் பண்ணைகளுக்கு இந்த முறை பிறகுதான் வந்தது.

அங்கே கொட்டகைகள் குளிருக்காக நாலாபுறமும் மூடியவை. காற்று வெளியேறும் வாய் ஒன்றிரண்டுதான், அங்கே படுகையை வைத்துவிடலாம். நம் கொட்டகையோ திறந்தது. வடிகட்டிக்காக அதை மூடினால் சித்திரை வெயிலில் மாடு மூச்சு வாங்கும், பாலும் குறையும். திறந்த கொட்டகைக்கு இதை விற்க யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சாணம் தனியாகவும் கோமியம் தனியாகவும் இருக்கும்வரை பெரிய நாற்றம் இல்லை. கோமியத்தில் யூரியா இருக்கிறது. சாணத்தில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக உடைக்கின்றன. ஆக, மூக்கைத் துளைப்பது உங்கள் வயலுக்குப் போக வேண்டிய தழைச்சத்து. பக்கத்து வீட்டுக்காரர் குறை சொல்லாவிட்டாலும் இதைத் தடுப்பது உங்களுக்கே லாபம்.

தரையில் 40 அடிக்கு ஓரடி சரிவு இருந்தால் கோமியம் தேங்காமல் வாய்க்காலுக்கு ஓடிவிடும். குழி விழுந்த இடங்களை முதலில் சிமென்ட் பூசி அடையுங்கள், பாதி வாடை அங்கிருந்துதான் வரும். காலையும் மாலையும் சாணத்தை வாரிய பிறகு கழுவுங்கள். வாராமல் தண்ணீர் அடித்தால் இரண்டும் கலந்து வாய்க்கால் முழுக்க நாறும்.

நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவுகிறவர்கள் நிறைய. ஈரச் சாணத்தில் சுண்ணாம்பு பட்டால் அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம். அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயுவைக் கிளப்பும். சூப்பர் பாஸ்பேட் இருந்தால் வாரிப்போட்ட குப்பையில் ஒரு கை தூவலாம். அது அமோனியாவைப் பிடித்து வைக்கும், எருவுக்கு மணிச்சத்தும் சேரும். மாடு நக்காத இடமாகப் பார்த்துத் தூவுங்கள்.

இனி உங்கள் வீட்டு பயோஃபில்டர். கோமியத் தொட்டியின் மேல் கனமான இரும்புக் கம்பி வலை போட்டு, அதன்மேல் மூன்று பங்கு மரச்சீவலும் ஒரு பங்கு மட்கிய எருவும் கலந்து ஓரடிக்குப் பரப்புங்கள். தச்சுப் பட்டறைத் தூள் வேண்டாம், அது அடைத்துக்கொள்ளும். பிழிந்த துணிபோல ஈரம் இருக்கட்டும். காய்ந்தால் நுண்ணுயிர் செத்துவிடும், சொதசொதவென்றால் மூச்சு முட்டும். நனைந்த படுகை ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். அதனால் வலை வலுவாக இருக்க வேண்டும், குழந்தைகள் ஏறாமல் வேலியும் வேண்டும். மூடிக் கிடந்த தொட்டிக்குள் யாரும் இறங்கவோ தலையை நீட்டவோ கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கி ஆளைக் கொல்லும்.

எருக்குழிக்கும் இதே கணக்குதான். நம் பக்கம் மல்லாட்டைத் தோலுக்குப் பஞ்சமில்லை, கரும்புத் தோகையும் கிடைக்கும். ஒவ்வொரு நாள் சாணத்தின் மேலும் அவற்றை ஒரு சாண் போட்டு மூடுங்கள். இடமும் முதலும் இருந்தால் சாண எரிவாயுக் கலன் இன்னும் நல்லது. 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும், ஐந்து மாடுகள் அதைக் கொடுத்துவிடும். கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

தீபத்துக்கு முன்பே குழிக்குக் கூரை போட்டுவிடுங்கள். கார்த்திகையில் ஊரில் கூட்டம், வானத்தில் வடகிழக்கு மழை. நனைந்த எருக்குழியில் காற்று புகாது, வாடை இரண்டு தெரு தள்ளிப் போகும். மனு வந்தாலும் பயப்படாதீர்கள். பார்க்க வருபவர்களிடம் சரிவையும் தொட்டியையும் காட்டுங்கள். பக்கத்து வீட்டாரையும் ஒருநாள் அழைத்துக் காட்டலாம், மாடித் தோட்டம் வைத்திருந்தால் ஒரு மூட்டை எரு கேட்பார்கள்.