திரும்ப வரும் அடி

கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை அச்சில் படிப்பவர்கள் சீக்கிரம் அலுத்துவிடுகிறார்கள். சொன்ன அடியே மறுபடி வருகிறது, ஒரு சொல் மாறுகிறது, அதுவும் திரும்புகிறது. சீர் எண்ணிப் பார்த்தால் அடிகள் ஒத்து நிற்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் உடுக்கையடிப் பாட்டுக்கு அளவு தாளம். முன்பாட்டுக்காரர் விட்ட சொல்லைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும்போதுதான் அடி நிறைகிறது. குறைகிற இடத்தை உயிரின் நீட்டம் இட்டு நிரப்புகிறது. இலக்கணம் இதை அறியாததல்ல. ஓசை குறைந்தால் எழுத்து நீள்வதற்குச் செய்யுளிசை அளபெடை என்றும், அடி முழுக்க ஒரே சொல் வருவதற்கு இரட்டைத் தொடை என்றும் பெயர் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியலில் பண்ணத்தி என்னும் இசைப்பாட்டு வகைக்கும் இடமிருக்கிறது. வள்ளுவர் ஒரு சொல்லைத் திருப்பினால் சொற்பொருள் பின்வருநிலையணி, உடுக்கைக்காரர் திருப்பினால் வளவளப்பு!

மனப்பாடத்துக்காகத்தானே இந்தத் திருப்பம் என்பார்கள். வாய்மொழிக் காவியங்களில் பாடகர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளுவதாக ஆய்வாளர்கள் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் காட்டிய வாய்பாட்டுத் தொடர்களைச் சங்கப் பாடல்களில் தேடிய ஈழத்து அறிஞர் கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வந்தது. இந்த வாய்பாட்டு விளக்கம் பாடுபவரின் வசதியைச் சொல்கிறது; கேட்பவருக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அண்ணன்மார் கதையை 1965இல் கொங்கில் ஒலிப்பதிவு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், ஊர்முன் பாடிய வடிவத்தையும் எழுதுவதற்காகச் சொன்ன வடிவத்தையும் தனித்தனியே வைத்து ஒப்பிட்டார். பாட்டு வேறு, கதைச்சுருக்கம் வேறு என்று உணர அந்த ஒப்பீடே போதும். மாறாத சொற்களுக்கு நடுவே மாறிய ஒரு சொல்லில்தான் கேட்பவரின் கவனம் போய் நிற்கிறது. அடுக்கிலிருந்து ஓரடியை உருவினால் அந்தச் சொல்லின் கனமும் போய்விடும்.

வட்டார வழக்கைத் திருத்துவதும் இதே சேதம்தான். கொங்கில் ‘என்னுடைய’ என்பதை ‘என்ற’ என்கிறோம். ‘என்ற’ தேமா, பதிப்பாளர் அதை ‘என்னுடைய’ ஆக்கினால் கூவிளங்காய். ஈரசை மூவசையாகி, அடுத்த சொல் தட்டுக்கு வெளியே விழுகிறது. வெளியூர் வாசகருக்குப் புரிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு அடிக்குறிப்பு இருக்கிறது, அடியில் கை வைக்க வேண்டியதில்லை. காவிரியின் ஈரோட்டுக் கரையானாலும் பள்ளிபாளையத்துக் கரையானாலும், இவ்விதழுக்குப் பாட்டுத் தொகுத்து அனுப்புவோர் பாடியபடியே எழுதி அனுப்புங்கள். திரும்ப வரும் அடிக்கு ‘மேற்படி’ போட வேண்டாம். பக்கம் கூடினால் கூடட்டும்.