புது வண்டியை வசக்கித்தான் ஓட்டணும்

புது வண்டி எடுத்தா எங்க ஊர்ல சடங்குக்குக் குறைவே இல்லீங்க. மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம், கோயில் வாசல்ல சூடம். எல்லாம் முடிஞ்ச மறுநாளே அதே வண்டியில ரெண்டு பக்கமும் பால் கேன், பின்னாடி ஒரு தவிட்டு மூட்டை. வண்டி திணறும், இவங்க இன்னும் முறுக்குவாங்க. சாமிக்குக் காட்டுன மரியாதையில பாதியை என்ஜினுக்கும் காட்டினா தேவலைன்னு எனக்குத் தோணும்.

புது வண்டி ஓட்டுறதுல ரெண்டு கட்சி உண்டு. பெருசுங்க கட்சி, "ஆயிரம் கிலோமீட்டர் ஆகுற வரைக்கும் நாப்பதைத் தாண்டாதே"ம்பாங்க. இளவட்டம், "அதெல்லாம் ராஜ்தூத் காலம், இப்ப வர்ற வண்டிக்கு ரன்னிங் இன்னே வேண்டாம்"பாங்க. என்னைக் கேட்டா ரெண்டும் பாதி சரி, பாதி தப்பு.

பெருசுங்க பயத்துக்குக் காரணம் இருக்கு. ராஜ்தூத், யெஸ்டி, டிவிஎஸ் 50 எல்லாம் டூ ஸ்ட்ரோக். ஆயிலைப் பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும். புதுசுல ஆயில் குறைஞ்சாலோ, விடாம முறுக்குனாலோ பிஸ்டன் உள்ளேயே பிடிச்சுக்கும். வண்டி ஜாம் ஆகி நடுரோட்டுல நிக்கும். 1985ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்த பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் பரவுச்சு. இதுல ஆயில் தனியா என்ஜின் அடியில இருக்கும். கடைசல் வேலையும் அன்னைக்கு மாதிரி இல்ல, ரொம்பத் துல்லியம். அதனால இளவட்டம் சொல்றதையும் ஒரேயடியா தள்ள முடியாது.

ஆனா உள்ளே நடக்குற வேலை மாறலைங்க. சிலிண்டரோட உள்சுவர்ல குறுக்கும் மறுக்குமா மெல்லிசான கோடுகள் போட்டுத்தான் அனுப்புறாங்க. அந்தக் கோடுகள்ல ஆயில் தங்கும். பிஸ்டன் மேல இருக்குற ரிங், சுவரோட உரசி உரசித் தன் இடத்துல உட்காரும். கியர் பல்லும் அப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு பழகும். அந்த உரசல்ல வர்ற உலோகத்தூள் ஆயில்ல கலக்கும். முதல் ஆயிலைச் சீக்கிரம் மாத்தச் சொல்றது அதுக்குத்தான். ரிங் சரியா உட்காரலைன்னா வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும்.

காளைக்கன்னு வசக்குனவங்களுக்கு இதைச் சொல்லாமலே புரியும். வசக்குறதுன்னா வேலைக்குப் பழக்குறது. பழகுன மாட்டோட ஜோடி சேர்த்து முதல்ல வெறும் நுகம், அப்புறம் வெறும் வண்டி, அப்புறம் அரை பாரம். எடுத்த எடுப்புல முழு பாரம் ஏத்துனா நடுவழியில படுத்துக்கும். படுத்துப் பழகுன மாட்டை எழுப்புறது லேசு இல்ல. அதுக்காகக் கட்டுத்தறியிலேயே கட்டி வச்சாலும் வசங்காது. நடக்க விடணும், மேட்டுல கொஞ்சம் இழுக்க விடணும், நிறுத்தி மூச்சு வாங்க விடணும்.

அதனால, வேகத்தைவிட முக்கியம் சுமைதான்னு நான் சொல்லுவேன். நாப்பதுக்குள்ளதான் போறேன்னு சொல்லிட்டு, ரெண்டு ஆளும் மூட்டையுமா டாப் கியர்லயே மேடு ஏத்துனா என்ஜின் கடகடன்னு அடிச்சுக்கும். அது முறுக்கி ஓட்டுறதுக்குக் கொஞ்சமும் சளைக்காத கெடுதல். கியரைக் குறைச்சு ஏறணும். ஒரே வேகத்துல மணிக்கணக்கா போகாம ஏத்தி இறக்கி ஓட்டணும். எந்த கியர்ல எவ்வளவு வேகம்னு வண்டியோட வர்ற புத்தகத்துல இருக்கும், அதுதான் கணக்கு. புது டயர் கொஞ்ச நாளைக்கு வழவழன்னு இருக்கும், பிரேக்கும் முழுசா பிடிக்காது. மழையில வண்டியைச் சாய்ச்சு வளைக்காதீங்க. செயின் தளரும், அதையும் ஒரு கண்ணு பாத்துக்கணும்.

இதுக்கு ஏன் இத்தனை பேச்சுன்னு பட்டணத்துல இருக்குறவங்களுக்குத் தோணலாம். எங்களுக்கு வண்டிங்கிறது ஒரு வேலையாளுங்க. விடியக்காலையில சொசைட்டிக்குப் பால் போகணும். ராத்திரி யாரையாவது பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்கு அதுலதான் தூக்கிட்டு ஓடணும். எங்க தெருவுல பாதி வண்டி தவணை வண்டி. தவணை முடியுறதுக்கு முன்னாடி என்ஜின் முடிஞ்சா, கடனும் கட்டணும், மெக்கானிக்குக்கும் கட்டணும்.

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் கோயமுத்தூர்ல சாப்பாடு டெலிவரி பண்றான். வண்டி எடுத்த மூணாம் நாளே வேலைக்கு இறங்கிட்டான். "மெதுவா ஓட்டுப்பா"ன்னு சொன்னேன். "மாமா, ஆர்டருக்குத்தான் காசு"ன்னான். அவன் சொல்றதும் நியாயம்தான். அதனால ரெண்டே விஷயம் சொல்லி அனுப்புனேன். காத்துல ஆறுற என்ஜின் அது, சிக்னல்ல நின்னா அணைச்சுரு. முதல் ஆயில் மாத்துறதை மட்டும் தள்ளிப்போடாதே, அரை நாள் வருமானம் போனாலும் போகட்டும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சர்வீஸ் அட்டையில இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை நாள், எது முதல்ல வருதோ அதுன்னு போட்டிருக்கும். எங்களை மாதிரி தோட்டத்துக்கும் சொசைட்டிக்கும் ஓட்டுறவங்களுக்கு நாள் முந்தும். அவன் தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுறான், பத்து நாள்ல ஆயிரம். நாள் இருக்கேன்னு தேதியைப் பாத்துட்டு இருந்தா, தூள் கலந்த ஆயில்லயே ஓடிட்டு இருப்பான்.

இதையெல்லாம் வண்டி விக்கிறவங்கதானே சொல்லணும்? பெரிய சாவியைக் கையில கொடுத்து போட்டோ எடுக்க நேரம் இருக்கு. இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் இல்ல. எனக்குக் கொடுத்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். பள்ளிக்கூடம் முடிச்ச நானே எழுத்துக்கூட்டித்தான் படிச்சேன். கைநாட்டு வைக்கிறவங்க மகன்கிட்டயோ பேத்திகிட்டயோ கொடுத்தாவது கேட்டுக்குவாங்க, தமிழ்ல இருந்தா. பத்து வரி தமிழ்ல அச்சடிச்சு டேங்க் மேல ஒட்டிக் கொடுத்தா என்னங்க செலவாயிரும்?

உங்ககிட்ட எனக்கு ஒரு வேண்டுகோள்தான். பளபளன்னு புது வண்டியில ஒரு பையன் உங்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டாந்து, அஞ்சு நிமிஷம் தாமதமாயிருச்சுன்னா திட்டாதீங்க. அந்த வண்டியில அவன் இன்னும் மூணு வருஷம் தவணை கட்டணும்.