63 கிலோவும் ஒரு முட்டையும்



போன தடவை இந்தச் சுவரில் மரம் வளர்ப்பது பற்றி எழுதினேன். இந்தத் தடவை என்னைப் பற்றியே எழுதப் போகிறேன். சிரிக்கிறவங்க முதல்ல சிரிச்சு முடிச்சிட்டு அப்புறம் படிங்க.

ஜூலை மாதம் என் எடை 63 கிலோ. உயரம் 151 செ.மீ. இதை நானே எழுதக் காரணம், இது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். உயரம், எடை பார்க்க வந்த அன்னைக்கு வராண்டாவில் மிஷினை வெச்சாங்க. ஒருத்தர் பேர் கூப்பிட, ஒருத்தர் எடையைச் சத்தமாப் படிக்க, ஒருத்தர் நோட்டில் எழுதினார். பையன்கள் வரிசை பக்கத்திலேயே நின்னுச்சு. "அறுபத்தி மூணு!" அவ்வளவுதான். மத்தியானத்துக்குள்ள எனக்குப் பேரு வெச்சாச்சு. கண்டெய்னர்.

எர்ணாவூரில் வேற என்ன பேர் கிடைக்கும்? ரோட்டுக்கு வந்தா கண்ணுல படுறதே அதுதானே. போதாததுக்கு எங்க அப்பா ஓட்டுறதும் டிரெய்லர்தான். பேர் வெச்சவனுக்கு ரெட்டைச் சந்தோஷம்.

மறுநாளிலிருந்து நான் சத்துணவுத் தட்டு எடுக்கவில்லை. டீச்சர் கேட்டா வயித்து வலின்னு சொன்னேன். என் முட்டையைப் பக்கத்தில் இருக்கிறவ சாப்பிட்டா. (நல்லாச் சாப்பிட்டா, ஒரு நாளும் ஏன்னு கேக்கல!) எங்க வகுப்பில் நான் மட்டும் இல்லை. எனக்குத் தெரிஞ்சே இன்னும் மூணு பேர் அப்படி இருந்தாங்க. அதில் ஒருத்தி 38 கிலோதான். அவளுக்கு எதுக்குப் பயம்னு கேட்டேன். "அடுத்து என்னைச் சொல்லிடுவாங்களோன்னு" என்றாள்.

நான்கு மணி மணி அடிச்சா எனக்குக் கண்ணே இருட்டும். நேரா கடைக்குத்தான் போவேன். ஐந்து ரூபாய் பாக்கெட் மூணு, பத்து ரூபாய் கூல்டிரிங்க்ஸ் ஒண்ணு. மத்தியானம் சாப்பிடலைங்கிறதால இது கணக்கில் வராதுன்னு எனக்கு ஒரு நினைப்பு. மூணு வாரம் கழிச்சு மருந்துக்கடை மிஷினில் ஏறிப் பார்த்தேன். அரைக் கிலோ கூடியிருந்தது.

அதுக்கு அடுத்த திங்கட்கிழமை பிரேயரில் மயங்கி விழுந்தேன். நிறைய பேர் பார்த்திருப்பீங்க. டீச்சரும் அம்மாவும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. விரலில் குத்திப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.4. என் வயசுப் பெண்ணுக்கு 12 இருக்கணுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா, "இந்த உடம்புக்கா ரத்தம் இல்ல?" என்று வாய்விட்டே கேட்டது. எனக்கும் அதே சந்தேகம்தான். டாக்டரம்மா சொன்னாங்க: உடம்பு பருமனா இருக்கிறது வேற, உடம்பில் சத்து இருக்கிறது வேற. ஒரே ஆளுக்கு எடை கூடவும் இருக்கலாம், ரத்தம் குறைவாவும் இருக்கலாம்.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சது. அறிவியல் டீச்சர் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைக் காட்டினாங்க. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு 40 பேருக்கு எடை அதிகம். அதாவது நம்ம அம்மா, சித்தி, அத்தை எல்லாரும் இந்தக் கணக்கில் வர்றாங்க. நமக்கு இன்னும் 15 ஆகலை. நாமும் வர்ற வழியில்தான் நிக்கிறோம்.

அதனால் என் கருத்தை நேராச் சொல்லிடறேன். எடை குறைக்கணும்னு நினைக்கிற பொண்ணு விடக்கூடாத ஒரே சாப்பாடு, நாம முதலில் விடுற இந்தச் சத்துணவுதான்.

இதோட கதை சின்னது இல்லை. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் முதன்முதலா மதியச் சாப்பாடு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாதுன்னு தீர்மானம். அப்போ தலைவரா இருந்தவர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டை காலேஜ் அவர் பேரில்தான் இருக்கு. நம்ம அக்காமார் சிலர் அங்கதான் படிக்கிறாங்க. பிறகு 1956-ல் காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டு வந்தார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 1984 செப்டம்பரில்தான் அது 10 முதல் 15 வயசுப் பிள்ளைகளுக்கும் வந்தது. அதாவது நமக்கு. வாரம் ஐந்து முட்டை என்பது 2010-லிருந்து. எத்தனை பேர் எத்தனை வருஷம் யோசிச்சு நம்ம தட்டில் வெச்ச முட்டை அது! நான் ஒரு பட்டப் பேருக்குப் பயந்து பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிட்டேன்.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கு. கலோரி சுமார் 70தான். வயிறும் அடங்கும். நான் குடிச்ச கூல்டிரிங்க்ஸில் ஒரு சின்ன பாட்டிலுக்கே ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை. குடிச்ச அரை மணியில் மறுபடி பசி. பாக்கெட்டில் எண்ணெயும் உப்பும்தான். பாக்கெட் பின்னாடி எழுத்தும் எறும்பு மாதிரி இருக்கும், படிக்கவே கூடாதுன்னு அச்சடிச்ச மாதிரி.

ஆனா ஒண்ணு. "ஜங்க் ஃபுட் சாப்பிடாதே" என்று சொல்றவங்க எங்க தெருவையும் பார்க்கணும். எங்க அம்மா மீன் விக்கிறாங்க. விக்காத மத்தியும் நெத்திலியும் வீட்டுக் குழம்புக்கு வரும். அதைவிட நல்ல சாப்பாடு எந்தப் பணக்கார வீட்டிலும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தப்போ எத்தனையோ நாள் யாரும் மீன் வாங்கலை. வீட்டிலும் மீன் இல்லை, காசும் இல்லை. அப்போ எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு பாக்கெட் நூடுல்ஸ்தான். அந்தப் பழக்கம் மீன் திரும்பி வந்த பிறகும் போகலை. பழக்கம் என்பது ஆசையால் மட்டும் வர்றது இல்லைங்கிறதுக்காக இதைச் சொன்னேன்.

இன்னொரு குற்றத்தையும் ஒத்துக்கிறேன். வாரம் ஒரு நாள் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை நான் ஏழாம் வகுப்பிலிருந்து வேப்பமரத்துக்குப் பின்னாடி போட்டுட்டு வந்தேன். அந்த மரத்துக்கு ரத்தம் நிறைய இருக்கும்! வெறும் வயித்தில் போட்டா குமட்டும். சாப்பிட்ட பிறகு போட்டா எனக்கு ஒண்ணும் ஆகலை. அதோட சேர்த்து டீ குடிக்கக் கூடாதாம், இரும்புச்சத்து உடம்பில் சேராதாம். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா சேர்த்துக்கலாம்.

சரி, எடை குறைக்க நினைக்கிறதே தப்பான்னு கேட்டா, தப்பில்லை. எனக்கு இப்பவும் குறைக்கணும். எங்க அப்பாவுக்கு 41 வயசு, சர்க்கரை வந்துடுச்சு. துறைமுகத்துக்குள்ள போக லாரி வரிசையில் மணிக்கணக்கா உட்கார்ந்திருப்பார், ராத்திரி பரோட்டா சாப்பிட்டுப் படுத்துடுவார். எங்க ஆயாவுக்கும் சர்க்கரை. அடுத்த ஆளா நான் ஆகக்கூடாது. இதுதான் என் காரணம். யாரோ ஒருத்தன் வெச்ச பேர் என் காரணம் இல்லை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இப்பத்தான் புரிஞ்சது. பேருக்குப் பயந்தப்போ சாப்பாட்டை மறைச்சேன், மாத்திரையை மறைச்சேன். அப்பாவை நினைச்சப்போ கேள்வி கேட்க ஆரம்பிச்சேன். டாக்டரம்மாகிட்ட எத்தனை கிலோ குறைக்கணும்னு கேட்டதுக்கு, "வளர்ற வயசு, வேளைக்குச் சாப்பிடு, ஓடி விளையாடு, கிலோவை அப்புறம் பார்க்கலாம்" என்றாங்க. பெரியவங்களுக்குப் போடுற கணக்கைப் பிள்ளைகளுக்கு அப்படியே போடக்கூடாதாம். நம்ம வயசும் பார்க்கணுமாம்.

திருக்குறளில் 95-வது அதிகாரம் மருந்து. பேருதான் மருந்து, பாதிக்கு மேல சாப்பாட்டைப் பத்தித்தான். பசிச்ச பிறகு, செரிச்ச பிறகு, அளவாச் சாப்பிடச் சொல்லுது. பட்டினி கிடன்னு ஒரு குறளிலும் இல்லை. தமிழ் ஐயாவிடம் கேட்டு உறுதி செஞ்சுக்கிட்டேன்.

இப்போ ஆசிரியர்களுக்கு ரெண்டு வேண்டுகோள். கோபிச்சுக்காதீங்க.

ஓடி விளையாடுன்னு சொல்லிட்டாங்க. எங்கே ஓடுறது? 5 முதல் 17 வயசு வரை தினமும் 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காலையில் எங்க ரோட்டில் நடந்தா ஒரு பக்கம் டிரெய்லர், இன்னொரு பக்கம் தூசி. கடல் பக்கம் பொண்ணுங்களைத் தனியா விடமாட்டாங்க. எங்களுக்கு இருக்கிறது இந்த மைதானமும் பி.டி. பீரியடும்தான். அந்தப் பீரியடில் கணக்குப் பாடம் நடக்குது. கணக்கு முக்கியம்தான், பத்தாவது வருது. ஆனா வாரத்துக்கு ரெண்டே பீரியட். அதை மட்டும் விட்டுடுங்க சார். மைதானம் கிடைக்கிறப்பவும் பையன்கள் கிரிக்கெட் ஆடுறாங்க, நாங்க சுவரோரம் உட்கார்ந்து நோட்டு எழுதுறோம். பாதி மைதானம் எங்களுக்கும் வேணும்.

ரெண்டாவது, அடுத்த தடவை எடை பார்க்கிறப்போ சத்தமாப் படிக்க வேண்டாம். ஒரு வகுப்பறைக்குள்ள வெச்சு, ஒவ்வொருத்தரா உள்ளே விட்டு, நோட்டில் மட்டும் எழுதினால் போதும். அன்னைக்கு எடை படிச்சவங்க கெட்ட எண்ணத்தில் படிக்கலை. வேலை சீக்கிரம் முடியட்டும்னு படிச்சிருப்பாங்க. ஆனா அந்த ஒரு சத்தத்தில் நாலு பேர் மூணு வாரம் சாப்பிடலை.

இப்போ என் எடை 61 கிலோ. ஹீமோகுளோபின் 10.8. ஒல்லியா ஆகலை, ஆகவும் மாட்டேன்னு நினைக்கிறேன், எங்க அம்மா வழியே அப்படித்தான். மாடிப்படி ஏறினா இப்போ மூச்சு வாங்கலை. கண்டெய்னர்னு கூப்பிடுறவங்க இன்னும் கூப்பிடுறாங்க, ஆனா முந்தி மாதிரி நான் திரும்பிப் பார்க்கிறது இல்லை.

லாரியில் சரக்கு கட்டுற நைலான் கயிறு ஒண்ணை அப்பா எனக்கு அளவா வெட்டி, ரெண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கார். ஸ்கிப்பிங் ஆட நல்லா இருக்கு. மத்தியானம் சாப்பிட்டு முக்கால் மணி கழிச்சு, பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி வேப்பமரத்தடியில் ஆடுறோம். இப்போதைக்கு நாங்க ஐந்து பேர். நான் ஒரே மூச்சில் 40 வரைக்கும் வந்திருக்கேன், என் முட்டையைச் சாப்பிட்டவ 62. வர்றவங்க தட்டைக் கழுவிட்டு வாங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி